காலி இடமாப் பாத்து

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இது வேற யார் சீட்டும் இல்ல, என் வீட்டுக்காரி சீட்டுதான். டிக்கெட் எடுத்தாச்சு, அவ வரல. யாரும் வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். கதவுப்பக்கம் நின்னு போன்ல "சாப்பிட்டாச்சும்மா, சாப்பிட்டாச்சு"ன்னு சொன்னீங்கல்லா, காதுல விழுந்துது. இந்த ஊர் ரயில்ல தமிழ் கேட்டா முதுகுக்குப் பின்னால கூட காது முளைச்சிருது. சாப்பிடலதானே? முகத்தப் பாத்தாலே தெரியுது. இந்தாங்க, புளியோதரை. நான் கிண்டினதுதான். உப்பு முன்னப்பின்ன இருக்கும், பொறுத்துக்கிடுங்க.

சண்டையா? சே, சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல. அவளுக்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. முடிச்சிட்டுப் பின்னால வருவா. நான் முன்னால போறேன். ஹகாத்தாவுல இறங்கி ஏர்போர்ட், எங்கெங்கேயோ மாறி சென்னை, அப்புறம் நம்ம பாளையங்கோட்டை. இனிமே இந்த ஜப்பான்ல எனக்குச் சோலி இல்ல. அலுத்துப்போச்சு தம்பி. இருவது வருஷத்துக்கு மேல ஆயிட்டு.

பேரு கோமதிநாயகம். பேர முழுசாச் சொல்லி ரொம்ப நாளாச்சு. இமாரியில கப்பல் கட்டுற இடத்துல வேலை. வெல்டிங் வச்ச இடத்தத் துணியால துடைச்சு, லைட் அடிச்சுப் பாக்கிறது. மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன். என் கண்ணுக்குத் தப்பின குறையே கிடையாது, கம்பெனியில யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஆனா பக்கத்து ஊரு அரிதாவுல போயி கோமதிநாயகம்னா ஒருத்தனுக்கும் தெரியாது. "அவுடா-சான் வீட்டுக்காரர்"னாத்தான் தெரியும். அவ பேரு ஆவுடையம்மாள். இவங்க வாயில, மரியாதைக்கு ஒரு சானும் சேந்து, அவுடா-சான் ஆயிட்டா. என் பேரு காத்தோட போச்சு.

அவ பீங்கான் தட்டுல பூ வரையுதா. இந்தப் பக்கமே பீங்கானுக்குப் பேர்போன பக்கம்லா, நூறு நூறு வருஷமாச் சுடுதாங்க. அதுல மலையடிவாரத்துல ஒரு குடும்பச் சூளை, தனிகுச்சின்னு ஒருத்தரு முதலாளி. அங்கதான் இவ. அவள இதுல சேத்துவிட்டது நான்தான். வந்த புதுசுல வீட்டுக்குள்ளயே கெடந்து அழுதுக்கிட்டிருந்தா. பக்கத்து வீட்டம்மா வந்து, பொம்பளைகளுக்குத் தட்டுல படம் போடச் சொல்லிக் குடுக்காங்க, கூட்டிட்டுப் போகட்டான்னு கேட்டா. போகட்டும்னு நான் சொன்னேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா? எத்தனை புருஷன் சொல்லியிருப்பான். நான் சொல்லல.

அந்தத் தட்டுலயா? இல்ல தம்பி, நான் அதுல சாப்பிட்டதில்ல. எனக்கு எவர்சில்வர் தட்டுதான். எங்கம்மா இருக்கும்போது ஒரு தடவை ஊருக்குக் கொண்டுபோனோம். பீங்கான்னா எலும்பச் சுட்டுக் கலப்பானாம்லா, நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னுட்டா. இது எலும்பு இல்ல அத்தை, கல்லு, மலையில வெட்டின கல்ல அரைச்சுச் செய்யுததுன்னு இவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. சரி, கல்லாவே இருக்கட்டும், பூ மேல சோத்தப் போட்டு எச்சில் பண்ணலாமான்னு அம்மா கேட்டா. நியாயம்தானே? எனக்கும் அதுதான். பூ மேல ரசத்த ஊத்த மனசு வராது. இவ எவர்சில்வர் தட்டத் துடைச்சு வச்சிருவா. அவ எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா, அதான் அவகிட்ட உள்ள நல்ல குணம்.

அந்த வேலையில ஒரு முறை உண்டு. கோடு போடுறவன் வேற, நிறம் நிரப்புறவ வேற. பூவுக்கும் இலைக்கும் மெல்லிசாக் கோடு இழுக்கிறது ஒரு ஆளு. அந்தக் கோட்டுக்குள்ள தண்ணியா நிறத்த ஓடவிடுறது இன்னொரு ஆளு, அது பெரும்பாலும் பொம்பளைக வேலை. இந்தா, என் பெருவிரலவிடத் தடிமனா ஒரு பிரஷ். அதுல மையத் தோய்ச்சு, நுனியில ஒரு சொட்டுத் தொங்கவிட்டு, அந்தச் சொட்ட மட்டும் கோட்டுக்குள்ள மேய விடணும். பிரஷ் தட்டுல படக்கூடாது, கோட்டத் தாண்டவும் கூடாது. "தமி"ன்னு அதுக்குப் பேரு. நம்ம பாஷையில தமின்னா தனிங்கிற அர்த்தம்லா. அது வேற, இது வேற.

அத்தனை வருஷமும் அவ நிரப்புறவதான். இவாநாகான்னு ஒரு பெரியவரு கோடு போடுவாரு, இவ நிரப்புவா. செவ்வந்தி, பிளம் பூ, இன்னும் இந்த ஊர்ப் பூ என்னென்னமோ. நான் சொல்லுவேன், ஏட்டி, நீ குடுத்துவச்சவ, கோடு கோணினா அந்தாளு தலையிலதான் விடியும், உனக்கென்னன்னு. நம்ம வீட்லயும் அப்படித்தானே? இமாரிக்கு வரணும்னு கோடு போட்டது நான். புள்ளை இல்லன்னு ஆன பிறகு இனி டாக்டர் வேண்டாம்னு முடிவெடுத்தது நான். ஊர்ல பெருமாள்புரத்துல எடம் வாங்கி வீடு கட்டினது நான். அவ பாட்டுக்கு நிரப்பிக்கிட்டு வந்தா. ஒரு நாளும் கோட்டத் தாண்டினதில்ல.

இந்த வசந்தத்துல ரிட்டயர் ஆனேன். தோசை ஊத்திக்கிட்டிருந்தா, அப்பச் சொன்னேன், டிக்கெட் போட்டாச்சு, ஊருக்குப் போறோம், ஒரேயடியா. "சரி"ன்னா. தோசையத் திருப்பிப் போட்டா. அம்புட்டுதான் பேச்சு. நான் நிம்மதியாச் சாப்பிட்டேன்.

அந்த நேரம் பாத்துத்தான் தம்பி, அந்த இவாநாகாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுட்டு. முதலாளி இவளக் கூப்பிட்டு, அவுடா-சான், இனிமே நீங்களே கோடு போடுங்க, நம்ம பழைய பூ வேண்டாம், உங்க பூ என்னவோ அதப் போடுங்கன்னுட்டாரு. அஞ்சு தட்டு. இங்க செட்டுன்னா அஞ்சு, நாலு ஆகாது, இவங்க பாஷையில சாவுங்கிற மாதிரிக் கேக்குமாம். மாகாணத்துக் கண்காட்சிக்கு அனுப்பணும், தட்டுக்குப் பின்னால அவ பேர எழுதணும். அங்கல்லாம் வரையிற ஆளு பேரு வராது, சூளை முத்திரைதான் வரும். இவளுக்குப் பேரு. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே சொன்னா, "இந்த அஞ்சு தட்டயும் முடிச்சுட்டு வாரேனே?" நான் என்ன ராட்சசனா? சரி முடின்னேன். டிக்கெட்டத் தள்ளிப் போட்டேன். அத யாரும் சொல்ல மாட்டாங்க.

என்ன பூ போட்டாங்கிறிய? பிச்சி. நம்ம ஊர்ப் பிச்சிப்பூ. உலகத்துல எத்தனை கலரா பூ இருக்கு! வெள்ளைத் தட்டுல வெள்ளைப் பூவ எவளாவது போடுவாளா? ராத்திரி படுத்துக்கிட்டு என்கிட்டக் கேக்கா, பிச்சிக்கு எத்தனை இதழுங்க, மொட்டுல சிவப்பு ஓடுமே, அது எந்தப் பக்கம் ஓடும்னு. எனக்கெப்படித் தெரியும்? வாங்கிக் குடுத்திருக்கேன், எண்ணியா பாத்தேன்? அவ தங்கச்சிக்குப் போன் போட்டு, பூக்கடையில நிக்க வச்சு, மொட்டு மொட்டாத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாத்தா. பூக்காரி திட்டியிருப்பா.

ஒரு நாள் பாக்கப் போனேன். தட்டெல்லாம் கருப்பு. அந்த மை பூசும்போது அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும், சூளைக்குப் போயி வந்தாத்தான் நீலம் ஆகும். தொட்டா கையோட வந்துரும். கருப்புக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா வெள்ளை. "பூ எங்கட்டி?"ன்னேன். சிரிச்சா. அப்படி அவ சிரிச்சு நான் ரொம்ப நாளாப் பாக்கல. "பூவ வரைய முடியாதுங்க. சுத்தி இருக்கிறதத்தான் வரையணும். விட்ட இடம்தான் பூ"ன்னா. என்னமோ சொல்லுதான்னு விட்டுட்டேன். வேலை முடியாததுக்கு ஒரு சாக்கு. அதுக்கப்புறந்தான் ஒண்ணு நடந்துபோச்சு... வேண்டாம், அத விடுங்க. சாகா வந்துட்டு பாருங்க. ஊருக்குப் பேரு சாகா. சாகா வரம் வாங்கின ஊரு. யாரோ ஏறுதாங்க, உங்க பையக் கொஞ்சம் இழுத்துக்கிடுங்க.

அந்த விஷயத்தச் சொல்லுதேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வீட்டுல என்ன வேலை? டிபன் பொட்டியத் தூக்கிக்கிட்டு அவ சூளைக்கே போயிருவேன். அன்னைக்கு அஞ்சு தட்டும் முடிஞ்சு பலகை மேல வரிசையா இருந்துது. அடுத்து ஒரு பூச்சுல முக்குவாங்க, தீயில அதுதான் கண்ணாடி மாதிரிப் பளபளன்னு ஆகும். அப்புறம் சூளை. எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்திரிச்சுட்டாங்க. இவ பல் டாக்டர்கிட்டப் போயிட்டா. நானும் தட்டும்தான் இருக்கோம்.

எனக்கு மனசு கேக்கல தம்பி. கப்பலக் கடல்ல இறக்கும்போது கூட இந்த ஊர்ல பூசாரிய வரவழைச்சு, மந்திரம் சொல்லி, சாராயம் தெளிச்சுத்தான் கயித்த வெட்டுதாங்க. நம்ம ஊர்ல பழைய சைக்கிள வாங்கினாக்கூட சந்தனம் குங்குமம் வைக்காம மிதிப்போமா? என் பொண்டாட்டி முதமுதல்ல தன் கோட்டுல போட்ட தட்டு. ஒரு பொட்டு கூட இல்லாம, அநாதை மாதிரி, தீக்குள்ள போகணுமா?

பர்ஸ்ல எப்பவும் காந்திமதி அம்மன் குங்குமம் வச்சிருப்பேன். தூளா வச்சா நிக்காதுல்லா? இட்லிப்பொடிக்குக் கொண்டுபோன நல்லெண்ணெய் ஒரு குப்பியில இருந்துது. எச்சில் படாத எண்ணெய், அதையும் சொல்லிருதேன். அதுல குழைச்சேன். கண்ண மூடி, தாயே, இவ பேரு நிலைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். சத்தியமா அதத்தான் வேண்டினேன். தட்டுக்கு ஒரு பொட்டு, பெருவிரலால அழுத்தி வச்சேன். அதுலயும் எவ்வளவு கவனம் பாருங்க, அவ வரைஞ்ச கருப்பு மேல ஒண்ணு கூட வைக்கல. விரல் பட்டா அழிஞ்சிரும்னு எனக்குத் தெரியும்லா. ஒண்ணுமே இல்லாத, வெள்ளையா உள்ள காலி இடமாப் பாத்துப் பாத்து வச்சேன்.

பூச்சுல முக்குறவரு மோரின்னு ஒருத்தரு. அவரு பாத்திருக்காரு. சரி, இந்தியாக்காரம்மா போட்ட பூ, நடுவுல சிவப்புப் பொட்டு வைக்கிறது அந்த ஊர் வழக்கம்போலன்னு நினைச்சுக்கிட்டு முக்கி எடுத்துட்டாரு. கேக்கக் கூடாதா ஒரு வார்த்தை? இந்த ஊர்ல யாரும் எதையும் கேக்க மாட்டாங்க தம்பி. தலையக் குனிஞ்சுட்டுப் போயிருவாங்க.

சூளை ஆறித் திறக்கிற அன்னைக்கு எல்லாரும் சுத்தி நின்னோம். முதல் தட்டு வெளிய வந்துது. அப்பத்தான் தம்பி எனக்குப் பூவே தெரிஞ்சுது. அந்தக் கரியெல்லாம் நீலமாயிருந்துது. நான் ஒண்ணுமில்லன்னு நினைச்சேன் பாருங்க, ஓட்டை ஓட்டையா வெள்ளை, அது அத்தனையும் பிச்சி. பூப்பந்துல இருந்து இப்பத்தான் அறுத்து எடுத்த மாதிரி. எனக்கு வாசனையே அடிச்சுது, பொய் சொல்லல.

ஆனா இருக்கதுலயே பெரிய பூவு, நல்லா விரிஞ்ச பூவு, அதுக்கு நட்ட நடுவுல மொரமொரன்னு ஒரு திட்டு. குங்குமம் எரிஞ்சு போச்சு. எண்ணெய் பட்ட இடத்துல பூச்சு பிடிக்கல. அஞ்சு தட்டுலயும் அப்படி. என்ன பெரிய குறை? ஒரு விரல் அளவுதான். கப்பல்னா இத நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன், அது வேற விஷயம். தட்டுதானே? அதுல சோத்த வச்சா மறைஞ்சிரும்.

மோரி பதறிப்போயி, சிவப்பு இருந்துது, அவுடா-சான் போட்டதுன்னு நினைச்சேன்னு சொல்லுதாரு. இவ தட்டக் கையில எடுத்து அந்தத் திட்டு மேல தன் பெருவிரல வச்சா. அவ விரல் சின்னதுல்லா, சுத்தி எடம் இருந்துது. அப்புறம் தலையத் தூக்கி என் கையப் பாத்தா. முகத்தப் பாக்கல. கையத்தான் பாத்தா. நான் கைய சட்டைப் பைக்குள்ள வச்சிருந்தேன்.

திரும்பி, முதலாளிய இடுப்பு வளைய கும்பிட்டு, ஜப்பான் பாஷையில சொன்னா. "இது என் தப்பு. நான் கவனிக்கல. மன்னிச்சிருங்க."

அவளே சொல்லிட்டா தம்பி, தன் தப்புன்னு. எல்லார் முன்னாலயும். அதுக்கப்புறம் நான் நடுவுல புகுந்து, இல்ல, நான்தான்னு சொல்லி, அவளப் பொய்க்காரி ஆக்கவா? அதுவும் மரியாதை இல்லல்லா? முதலாளி, பரவாயில்ல, அடுத்த வருஷம் பாப்போம்னாரு. கண்காட்சிக்கு ஒரு தட்டும் போகல. அடுத்த வருஷம் பாப்போங்கிறாரே மனுஷன், எனக்கு அதுலதான் சுருக்குன்னுது. அடுத்த வருஷம் நாங்க எங்க இங்க இருக்கப் போறோம்?

பிறகா? பிறகு முதலாளிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. என் ஜப்பான் பாஷை அந்த அளவுக்கெல்லாம் போதாது. ஆமா, இருவது வருஷம்தான். கப்பல் சம்பந்தமா என்ன கேட்டாலும் சொல்லுவேன். இதுக்கு வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவ திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா, ஆமாட்டி, தெரியாம வச்சேன், நல்லதுக்குத்தான் வச்சேன்னு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆறிப்போயிருக்கும். அவ டிபன் பொட்டியக் கழுவினா. அந்த எண்ணெய்க் குப்பிய வெந்நி ஊத்தி, ரெண்டு தடவை கழுவி, துடைச்சுக் கவுத்தி வச்சா. எனக்குச் சோறு போட்டா. எவர்சில்வர் தட்டுலதான். மறுநாள், சூளை மாடியில ஒரு ரூம் இருக்கு, தட்டெல்லாம் மறுபடியும் போடணும், தினமும் போய்வர அலைச்சல், அங்கேயே தங்கிக்கிடட்டான்னா. சரின்னேன். இந்தத் தடவை சரி சொன்னது நான்.

எத்தனையோ எடுத்துச் சொன்னேன் தம்பி. நம்ம ஊரு வீட்டுல பிச்சிக்கொடியே வச்சிருக்கேன், நெசப் பூவே கையில கெடைக்கும், அத விட்டுட்டு இங்க உக்காந்து எதுக்கு இல்லாத பூவ வரையணும்? மாடியில உனக்குன்னு ஒரு ரூம் போட்டுத் தாரேன், ஜன்னல் எந்தப் பக்கம்னு நான் பாத்துக்கிடுதேன்னேன். "நீங்க முன்னால போங்க"ன்னா. எப்ப வருவன்னேன். "இது முடியட்டும்"னா. இதுன்னா எது, அந்த அஞ்சு தட்டான்னு கேட்டேன்.  பிரஷ் நுனியில சொட்டு தொங்கிக்கிட்டிருந்துது, பேசினா விழுந்துரும். அதனால பேசல. அப்படித்தான் இருக்கும்.

இன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்திருந்தா. வரமாட்டான்னு நினைச்சேன், வந்துட்டா. கையெல்லாம் கரி, வேலையப் பாதியில விட்டுட்டு வந்திருக்கா. மாத்திரை எடுத்துக்கிட்டீங்களான்னு கேட்டா, பாஸ்போர்ட் எந்தப் பையின்னு கேட்டா. பாருங்க, கோவம் இருந்தா கேப்பாளா? பெட்டிய ஏத்திட்டு நான் கதவுல நின்னேன். அவ பிளாட்பாரத்துல நின்னா. சரி, போயிட்டு வாரேன்னேன். அவ, "சரி, போங்க"ன்னா.

போங்கன்னுதான் சொன்னா. கல்யாணம் ஆன நாள்லேருந்து, தெருமுனைக்குத் தயிர் வாங்கப் போனாக்கூட "போயிட்டு வாங்க"ன்னுதான் சொல்லுவா. நம்ம ஊர்ல யாரு வெறுமனே போங்கம்பா? எழவு வீட்டுலயா நிக்கோம்? அவ வேணும்னு சொல்லல தம்பி. அவசரம். இந்த ஊரு ரயில் கதவு தெரியும்லா, நேரமாச்சுன்னா சடக்குன்னு சாத்திருவான். "போங்க"ன்னு வாயத் திறந்தா, கதவு சாத்திட்டான். பாக்கி வார்த்தை பிளாட்பாரத்துலயே நின்னுபோச்சு. அம்புட்டுதான் விஷயம். அவ பின்னால வருவா.

என்ன கேக்கிய?

ஆமா. நீங்க ஏறின தாக்கேயோ ஸ்டேஷன்ல நிக்கும்போது வண்டி லேட்டாத்தான் வந்திருக்கும். அறிவிப்பு போட்டானா? போட்டிருப்பான். அரிதாவுலதான் நிறுத்திப் போட்டுட்டாங்க. ஒத்தைத் தண்டவாளம், எதிர் வண்டி வந்தாத்தான் இத விடுவாங்க. எதிர் வண்டி வரல.

இல்ல, உடனே சாத்தல.

ரொம்ப நேரம் நின்னுது. அவ அங்கன நின்னா, நான் இங்கன நின்னேன். கதவு தொறந்துதான் கெடந்துது, தம்பி.